மலைப் பள்ளிக்குப் புதிதாக வரும் சத்துணவு டீச்சருக்கு

நியமன ஆணையில் உங்கள் பதவியின் பெயர் சத்துணவு அமைப்பாளர். முதல் நாள் மத்தியானத்துக்குள் அந்தப் பெயர் மறைந்துவிடும். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நீங்கள் இனிமேல் ‘சத்துணவு டீச்சர்’. அந்தப் பெயரில் நான் நீலகிரியில் 26 வருடம் இருந்தேன். முதல் கொஞ்ச காலம் கூடலூர் பக்கம், அப்புறம் ஓய்வு பெறும் வரை கோத்தகிரி மலையில்.

கிராம் கணக்கையும் பதிவேடுகளையும் சுகாதாரத்தையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் அந்தக் கணக்குகள் சமவெளியை மனதில் வைத்துப் போட்டவை. இங்கே பருப்பு வேகாது, எண்ணெய் உறையும், லாரி வராது, கரடி வரும். கல்யாணமாகி மலைக்கு வந்தவர்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கேயே பிறந்த நானும் திணறினேன், ஏனென்றால் எட்டுப் பேருக்குச் சமைப்பதும் எண்பது பேருக்குச் சமைப்பதும் வேறு வேறு வேலை. நான் தப்புச் செய்து கற்றுக்கொண்டதை, அநேகமாக அதே வரிசையில், எழுதுகிறேன்.

யாருக்கெல்லாம் சாப்பாடு

இதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் நின்று பெற்றோர் கேட்பது இதைத்தான். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு உண்டு. காலை உணவு ஒன்று முதல் ஐந்து வரை. ரேஷன் கார்டு வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், பணம் ஒரு பைசா வேண்டாம். நேற்று ஜார்க்கண்டிலிருந்து வந்து எஸ்டேட் லைன் வீட்டில் இறங்கிய குடும்பத்தின் பிள்ளை இன்று பள்ளியில் சேர்ந்தால், இன்றே தட்டு எடுத்து உட்காரலாம்.

சிலருக்கு ‘இலவசம்’ என்ற சொல்லே கூச்சம். என் பள்ளியில் ஒரு சூப்பர்வைசர் தன் மகனைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். பையன் தினமும் ஆறிப்போன டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு, பக்கத்துத் தட்டில் ஆவி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவர்களிடம் நான் பழைய கதையைச் சொல்வேன். 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆரம்பித்தது இது. 1956-ல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். முட்டை 1989-க்கு அப்புறம் கலைஞர் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வாரத்துக்கு ஐந்து ஆனது. கலவை சாதம் 2013-ல் ஜெயலலிதா காலத்தில் வந்தது. காலை உணவு 2022 செப்டம்பர் 15-ல் ஸ்டாலின் மதுரையில் தொடங்கியது. கட்சி மாறினாலும் ஒருவரும் நிறுத்தவில்லை, கூட்டத்தான் செய்தார்கள். நூறு வருடமாக இந்த மாநிலத்துப் பிள்ளைகள் சாப்பிடும் சாப்பாட்டைச் சாப்பிட எதற்குக் கூச்சம் என்று கேட்டால் பதில் வராது. சூப்பர்வைசர் மகன் அடுத்த வாரமே வரிசைக்கு வந்துவிட்டான்.

சாவி வாங்கும் நாள்

பொறுப்பு ஒப்படைக்கிறவர் அவசரத்தில் இருப்பார். நீங்கள் அவசரப்படாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு எல்லாவற்றையும் தராசில் ஏற்றிப் பாருங்கள். பாத்திரங்களை எண்ணுங்கள். சிலிண்டர் எத்தனை, அதில் நிறைந்தது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். குறைவு இருந்தால் அன்றைக்கே, அந்தப் பக்கத்திலேயே, தலைமை ஆசிரியர் முன்னால் எழுதி வாங்குங்கள். மறுநாள் சொன்னால் அந்தக் குறை உங்களுடையது.

லாரி வரும் நாளும் இப்படித்தான். நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வரும் மூட்டை 50 கிலோ என்று இருக்கும். வெறும் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் வரும், அதைக் கழிக்க வேண்டும். நான் சேர்ந்த முதல் மாதம், மழை தூறிக்கொண்டிருந்தது, இறக்க வந்தவர்கள் “டீச்சர், இன்னும் நாலு ஸ்கூல் போகணும்” என்றார்கள். எடை போடாமல் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதக் கடைசியில் பருப்பு பற்றவில்லை. இரண்டு நாள் சாம்பார் தண்ணீராக ஓடியது, பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கப்புறம் எத்தனை மழை பெய்தாலும் தராசை வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது? ஊராட்சி ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகம்தான் உங்கள் தாய்வீடு. நீலகிரியில் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நான்கு வட்டாரங்கள். அதற்கு மேல் ஆட்சியர் அலுவலகத்தில் சத்துணவுக்கென்று ஆட்சியரின் நேர்முக உதவியாளர் இருக்கிறார். துறை சமூக நலத்துறை. பள்ளியோ பள்ளிக் கல்வித் துறையில் இருக்கிறது. அதனால் தலைமை ஆசிரியர் உங்கள் அதிகாரி மாதிரியும் இருப்பார், இல்லாத மாதிரியும் இருப்பார். அவருடன் நல்லபடியாக இருந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

தலைகளை எண்ணுவது

காலையில் வகுப்பு ஆசிரியர்களிடமிருந்து இன்றைக்குச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை என்ற எண்ணிக்கை வர வேண்டும். வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் சாப்பிடுகிறவர்கள் எண்ணும் ஒன்றாக இருக்காது. அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பி.எம். போஷன் என்ற மத்திய அரசின் மதிய உணவுத் திட்ட அளவுப்படி ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறு முதல் எட்டு வரை 150, 30, 75, 7.5 கிராம். தட்டில் விழும் சாப்பாட்டில் சின்னவர்களுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், பெரியவர்களுக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஒரு உதாரணம். இன்று சின்ன வகுப்பில் 38 பேர், பெரிய வகுப்பில் 26 பேர். அரிசி 3.8 கிலோவும் 3.9 கிலோவும் சேர்ந்து 7.7 கிலோ. பருப்பு 1.54 கிலோ. காய்கறி 3.85 கிலோ. எண்ணெய் 385 கிராம். இதைத் தினமும் புதிதாகப் பெருக்கிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் மையத்துக்கு வந்திருக்கும் மாநில அளவுப் பட்டியலை வைத்து, 10 பேர், 20 பேர், 30 பேர் என்று ஒரு அட்டையில் எழுதி அரிசி டிரம்முக்கு மேலே தொங்கவிடுங்கள். நீங்கள் ஒரு நாள் விடுப்பில் இருந்தாலும் சமையலர் அக்கா பார்த்து அளந்துகொள்வார்.

எண்ணிக்கையைத் தினமும் கைபேசி வழியாக மேலே அனுப்ப வேண்டும். பந்தி முடிந்த பிறகு எண்ணி அனுப்புங்கள். மலையில் இதில் ஒரு சிக்கல் உண்டு: தேயிலை கொழுந்து அதிகமாக வரும் காலத்திலும், கூடலூர் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் காலத்திலும், பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். 64 பேர் 45 ஆகும். அப்போது “போன மாதம் போலவே எழுதிவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். எழுதாதீர்கள். பொய்யாக எழுதிய 19 பேரின் அரிசி காகிதத்தில் தீர்ந்து டிரம்மில் மிஞ்சும். தணிக்கைக்கு வருகிறவர் டிரம்மைத்தான் திறப்பார். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று ஆசிரியர்களுக்கு உறைக்கிற முதல் இடமும் உங்கள் எண்ணிக்கைதான்.

அடுப்பு

இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். சமவெளியில் இருந்து வந்த யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம், அதாவது குறைந்த சூட்டிலேயே, கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அங்கே 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் 94 பக்கம். கூடலூர் ஆயிரம் மீட்டர் அளவில் இருப்பதால் 96, 97. ஏழு டிகிரிதானே என்று தோன்றும். திறந்த அண்டாவில் துவரம் பருப்பைப் போட்டுப் பாருங்கள், தெரியும். தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிர பருப்பு குழையாது. கோத்தகிரிக்கு மாறி வந்த முதல் ஜனவரியில் நான் வைத்த சாம்பாரில் பருப்பு பருப்பாகவே கிடந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒவ்வொரு பருப்பாக எடுத்துத் தட்டின் விளிம்பில் மாலை மாதிரி அடுக்கி வைத்திருந்தாள்.

ஆகவே, பருப்புக்குக் குக்கர். உங்கள் மையத்தில் பெரிய குக்கர் இருந்தால் அதன் கேஸ்கட்டை உயிர் போல் பாருங்கள், மாற்றுக் கேஸ்கட் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். மலையில் சமவெளியைவிட ஓரிரு விசில் கூடுதலாக விட வேண்டும். குக்கர் இல்லாவிட்டால், வந்ததும் முதல் வேலையாகப் பருப்பைக் களைந்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள். பருப்பு மசிகிற வரை புளியும் தக்காளியும் உப்பும் பக்கத்தில் போகக் கூடாது, புளிப்பு சேர்ந்தால் பருப்பு இறுகிக்கொள்ளும். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்று யோசனை சொல்வார்கள். வெந்துவிடும், பருப்பில் இருக்கிற பி வைட்டமினும் போய்விடும்.

செவ்வாய்க்கிழமைக் கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரம் ஊறினால் போதும் என்பது கோயம்புத்தூர்க் கணக்கு. குளிரில் கடலை மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். திங்கள் மத்தியானமே, அடுப்பு அணைக்கும் முன், வெந்நீரில் போட்டு மூடிவிட்டுப் போக வேண்டும்.

சோறு வடிக்க வேண்டாம், அளவுத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். வருவது செறிவூட்டப்பட்ட அரிசியாக இருந்தால், நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த அரிசிமணி கலந்திருக்கும். கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும். அந்த மணி கொஞ்சம் வேறு நிறத்தில் இருக்கும், களையும்போது சிலது மிதக்கும். “பிளாஸ்டிக் அரிசி” என்று ஒரு பெற்றோராவது உங்களிடம் வந்து சண்டை போடுவார். கோபப்படாமல், உள்ளே கூப்பிட்டு, ஒரு பிடி எடுத்து அவர் கண் முன்னால் வேகவைத்துக் காட்டுங்கள். வெந்து மசிந்த பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

டிசம்பர், ஜனவரியில் பாமாயில் பாக்கெட் வெள்ளை மெழுகு மாதிரி இறுகிப் போயிருக்கும். கெட்டுப்போகவில்லை. குளிருக்கு அது அப்படித்தான். பாக்கெட்டை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் இளகும். சிலிண்டருக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம். உறைபனிக் காலையில் வாயு மெதுவாக வரும், தீ சோம்பும். அதற்காகச் சிலிண்டர் மேல் கொதிநீர் ஊற்றுவதும், அடியில் தணல் வைப்பதும் செய்கிறவர்களைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன். அரை மணி முன்னதாக அடுப்பைப் பற்றவையுங்கள், போதும்.

காய்கறியில் நமக்கு ராஜ வாழ்க்கை என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கேத்தியில் பிடுங்கின கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய், அங்கே விலை வைத்து, பாதி மறுபடி மலையேறி நம் கடைக்கு வருகிறது என்பதை அவர்களிடம் யார் சொல்வது? காய்கறி வாங்க நமக்குத் தரும் உணவூட்டுச் செலவினத் தொகையில் லாரி வாடகைக்கு இடம் இல்லை. ஊரில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், நூல்கோல் போடுகிறவர்களிடம் நேரடியாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரசீது எழுதி வாங்குங்கள். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேட்டு வாங்குங்கள். முட்டைக்கோஸின் மேல் இலைகளை உரித்துவிட்டு, இரண்டு மூன்று தண்ணீர் கழுவி அப்புறம் நறுக்குங்கள். பள்ளித் தோட்டம் போட ஆசையிருந்தால் போடுங்கள், நல்லது. மேல் மலையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வராது, கீரை உறைபனியில் கருகிவிடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துப் போடுங்கள்.

காலை உணவுக்காரர்கள்

காலை உணவைச் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுவினர். அநேகமாக அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று மாறி மாறி வரும், ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ. 2022-ல் முதலில் எடுத்த 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் மலைப்பகுதியைச் சேர்ந்தவை என்பதில் எனக்கு ஒரு திருப்தி. எஸ்டேட்டில் அம்மா அப்பா இரண்டு பேரும் ஏழரைக்கெல்லாம் வேலைக்குப் போய்விடுகிற வீட்டில், பால் விடாத கட்டன் சாயாவும் வர்க்கி பிஸ்கட்டும்தான் அந்தப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு. பத்தரை மணிக்கு மயங்கி விழும் பிள்ளைகளை எல்லா மலைப் பள்ளி ஆசிரியர்களும் பார்த்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் உங்கள் சமையற்கூடத்தையே அவர்களும் பயன்படுத்துவார்கள். சண்டை வருவது இங்கேதான். முதல் வாரமே உட்கார்ந்து பேசிவிடுங்கள்: எந்த அலமாரி யாருடையது, எந்தச் சிலிண்டர் யாருடையது, அண்டாவை யார் தேய்த்து வைப்பது. இருப்பு கண்டிப்பாகத் தனித்தனி. “ஒரு கிலோ பருப்பு கொடுங்க டீச்சர், நாளைக்குத் தர்றேன்” என்பது நல்ல மனசோடு ஆரம்பித்து இரண்டு பதிவேட்டையும் கெடுக்கும். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். ரவை குளிரில் சட்டென்று கல்லாகிவிடும், தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக வைத்து, பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு மூடியைத் திறக்கட்டும்.

முட்டை

ஒரு முட்டை 46 முதல் 52 கிராம் இருக்க வேண்டும். வந்ததும் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: படுத்தால் புதிது, நின்றால் பழையது, மிதந்தால் வெளியே. மலைப்பாதைக் குலுக்கலில் கீறல் விட்டவை நிறைய இருக்கும், அவற்றை எண்ணி அப்போதே திருப்புங்கள். குளிர்தானே, கெடாது என்று நினைத்து வாரக் கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள். வேகவைக்கும் நேரம் சமவெளியைவிட மூன்று நான்கு நிமிடம் கூடுதல். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. யார் சாப்பிட மாட்டார்கள் என்ற பட்டியலை ஜூன் மாதமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடுப்பந்தியில் விசாரிக்க வேண்டாம்.

முதல் கவளம் பெரியவர்களுக்கு

பரிமாறும் முன் நீங்கள் சாப்பிட வேண்டும், ஒரு ஆசிரியரும் சாப்பிட வேண்டும், சுவைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மத்திய அரசின் மதிய உணவு வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது. நிறைய இடங்களில் கையெழுத்து மட்டும் நடக்கிறது.

2013 ஜூலையில் பீகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. எனக்கு அந்தச் செய்தி ஏன் இத்தனை பயத்தைக் கொடுத்தது என்றால், நம் மலையில் பூச்சிமருந்து டப்பா இல்லாத வீடு குறைவு. நல்ல கெட்டி டப்பா, மூடி இறுக்கமாக இருக்கும் என்று அதைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிறவர்களும் உண்டு. உங்கள் சமையற்கூடத்துக்குள் எண்ணெய்க்கோ உப்புக்கோ தண்ணீருக்கோ அப்படி ஒரு டப்பா வரக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் “சாயங்காலம் வரைக்கும் உள்ளே இருக்கட்டும்” என்று மருந்தையோ தெளிப்பானையோ வைக்கக் கேட்டால், எத்தனை வேண்டியவராக இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பந்தி

ஜனவரியில் குழாய்த் தண்ணீரில் கை கழுவு என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் சோப்பைத் தொடாது. நுனி விரலை நனைத்துவிட்டு ஓடிவந்துவிடும். ஒரு அண்டா வெதுவெதுப்பான தண்ணீர் வாசலில் வையுங்கள். இதே தண்ணீரில் தட்டையும் ஒருமுறை அலசி எடுக்கச் சொல்லுங்கள், எவர்சில்வர் தட்டின் குளிரிலேயே சோறு பாதி ஆறிவிடுகிறது. குடிக்கவும் வெந்நீர்தான்.

எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். இன்ன ஆள் சமைத்தால் என் பிள்ளை சாப்பிடாது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் இந்தக் காலத்திலும் உண்டு. அவர் பிள்ளைக்கென்று தனித் தட்டு, தனி இடம் என்று ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடமும் வட்டார அலுவலகத்திலும் எழுத்தில் சொல்லிவிட்டு, வழக்கம்போலப் பரிமாறுங்கள். அந்தப் பிள்ளை நண்பர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பார்த்தவரை அப்படித்தான் ஆகியிருக்கிறது.

வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் வாரம் சாம்பாரின் புளிப்புக்கு முகம் சுளிப்பார்கள். ‘பாத்’ என்றால் அவர்களுக்குச் சோறு. அந்த ஒரு சொல்லைச் சொல்லி வெறும் சோறும் முட்டையும் வைத்து, ஓரத்தில் ஒரு கரண்டி சாம்பார் விட்டால், பத்து நாளில் இரண்டாம் தரம் கேட்டு வருவார்கள்.

இன்னொன்று, இந்த மலைக்கே உரியது. அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இருளர், குறும்பர், பணியர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் ஓரிருவருக்காவது இருக்கலாம். அவர்களுக்குக் குளிரும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் கடும் வலியைக் கிளப்பிவிடும். அந்தப் பிள்ளைகளை வெளிக்காற்றில் வரிசையில் நிற்கவைக்காமல் முதலில் உள்ளே அனுப்புங்கள், வெந்நீர் குடிக்கவையுங்கள். இரும்புச்சத்து சேர்த்த அரிசி, மாத்திரை பற்றிய கேள்வியெல்லாம் அவர்களுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் போகட்டும், நாமாகச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. நோய்ப் பெயரைச் சமையற்கூடத்தில் பேசவும் வேண்டாம்.

லாரி வராத வாரம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் என்ன வேண்டுமானாலும் நடக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சாலை போய்விட்டால் வாரக் கணக்கில் லாரி வராது. ஒரு மாதத்துக்கான தானியம் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. மே மாதக் கடைசியிலேயே அதைச் சரிபார்த்துத் தேவைப் பட்டியலை அனுப்பிவிடுங்கள். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குங்கள். மலைச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும்.

இருப்பு தீர்ந்தே விட்டால், தலைமை ஆசிரியர் பள்ளியில் இருக்கும் எந்த நிதியையும் எடுத்துச் சாப்பாட்டைத் தொடரலாம் என்று 2015-ஆம் வருட மதிய உணவு விதிகள் சொல்கின்றன. இது நிறையப் பேருக்குத் தெரியாது. பொருளோ எரிவாயுவோ ஆளோ இல்லாமல் சாப்பாடு நின்றுபோனால் பிள்ளைகளுக்கு அதற்கு ஈடான உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும். தொடர்ந்து மூன்று நாளோ மாதத்தில் ஐந்து நாளோ நின்றால் யார் பொறுப்பு என்று அரசு கேட்கும். பெற்றோர் புகார் சொல்ல 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண் இருக்கிறது. அதைச் சுவரில் நீங்களே எழுதி வையுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு அந்த எண் ஒரு தொந்தரவும் தராது.

மழை விடுமுறை சில நாள் காலை ஆறரைக்கு மேல்தான் தெரியவரும். அதற்குள் காலை உணவு அடுப்பில் ஏறியிருக்கும். அந்த மாதங்களில் குழுப் பெண்களிடம் அறிவிப்பு தெரியும் வரை ரவையைக் கொட்டாமல், வெந்நீர் மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம்

கரடிக்கு எண்ணெய் பிடிக்கும். யானைக்கு அரிசி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் சத்துணவுக் கூடத்துக் கதவைக் கரடி பெயர்த்த செய்தி வருடா வருடம் வரும். என் மையத்திலும் ஒருமுறை வந்தது. ஆறு பாக்கெட் எண்ணெயைக் கடித்துக் குடித்துவிட்டு, பருப்பு டிரம்மை உருட்டி விளையாடிவிட்டுப் போயிருந்தது. தப்பு என்னுடையதுதான். முதல் நாள் தாளித்த சட்டியைக் கழுவாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டு, மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தேன். வாசனை பிடித்துத்தான் அது வருகிறது.

அதனால் சட்டி, கரண்டி எல்லாம் அன்றன்றே தேய்த்துவிட வேண்டும். மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் பின்பக்கம் கொட்டக் கூடாது, தள்ளிக் குழி வெட்டிப் புதையுங்கள். காலி எண்ணெய்ப் பாக்கெட்டைக் கழுவி எண்ணிக் கட்டி வையுங்கள், வெளியே எறிந்தால் காட்டெருமை தின்னும், பிளாஸ்டிக் தடையுள்ள மாவட்டத்தில் அபராதமும் வரும். எண்ணெய்ப் பெட்டியை முடிந்தால் வகுப்பறைக் கட்டடத்தில் இரும்பு அலமாரிக்கு மாற்றுங்கள். கதவு உடைந்திருந்தால் ஒன்றையும் தொடாமல் முதலில் வனத்துறைக்கும் தலைமை ஆசிரியருக்கும் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இருப்பில் கழிக்க அந்தப் படம் வேண்டும். குழுப் பெண்கள் விடியற்காலையில் தனியாக வந்து கதவைத் திறக்க வேண்டாம், இரண்டு பேராக, டார்ச்சோடு, பேசிக்கொண்டே வரட்டும்.

அடுப்பு வால்வு, சிலிண்டர் வால்வு, ஜன்னல் கொக்கி, பூட்டு. நாளை செவ்வாய் என்றால், கொண்டைக்கடலை ஊறுகிறதா என்று ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுங்கள்.